நாலு விரல்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு
இந்தப் பக்கம் என் பட்டறை.
எந்தத் தெருவில் திருட்டு என்று
போலீசுக்கு அடுத்தபடி எனக்குத் தெரியும்.
சில சமயம் எனக்குத்தான் முதலில்.
மறுநாள் காலை அந்தத் தெருவே
சன்னல் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு
வந்து நிற்கும்.

வெளியே தொங்கும் பூட்டு
உள்ளே ஆளில்லை என்று
எழுதி மாட்டிய பலகை.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
பூட்டு விற்கிற தாவூத்
என் சிநேகிதன்.

அமலோற்பவம் வீட்டில் போனது
மூன்று சவரன், ஒரு சிலிண்டர்,
குக்கரை விட்டுவிட்டு அதன் மூடி.
"மூடிய எதுக்குய்யா எடுத்தான்?"
இதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.
சவரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சன்னலில் பழைய கம்பி வில்லாய் வளைந்திருந்தது.
வேறு யாரோ வைத்தது.
மூட்டுக்கு ரெண்டு பொட்டு, அவ்வளவுதான் வெல்டிங்.
பார்த்ததும் எனக்கு
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எத்தினி கேப்பு வைக்கட்டும்?"
நாலு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.
"இதுக்கு மேல ஒரு நூல் கூடக் கூடாது."
ஒரு பக்கம் கீல் வைத்து, ஆபத்து அவசரத்துக்கு
என்று ஆரம்பித்தேன்.
"தொறக்கறதுக்கா உன்னக் கூப்ட்டேன்?"

பன்னிரண்டு எம்.எம். சதுரக் கம்பி.
ஒவ்வொரு மூட்டையும் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்தேன்.
ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல்.
ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு.
என் கையால் அப்படியொரு வேலை
அதற்கு முன் செய்ததில்லை.

கார்த்திகையில் அது வந்தது.
கம்பியைத் தொடவில்லை.
கக்கூஸ் குழி வழியாக ஏறி
பக்கிங்காம் கால்வாயே கூடத்தில் நின்றது,
டீசல் வாடையோடு.
நகை இல்லாத பீரோ மிதந்து போய்
உள்பக்கம் திறக்கும் கதவின் மேல்
குப்புறச் சாய்ந்துகொண்டது.

காசிமேட்டுப் பையன்கள் ஓட்டிவந்த ஃபைபர் போட்டில்
நான், ஒரு ஹேக்ஸா, மூன்று பிளேடு.
கரண்ட் இல்லை. மிஷின் தண்ணீருக்குள்.
சன்னலுக்கு அந்தப் பக்கம்
கட்டில் மேல் ஸ்டூல்,
ஸ்டூல் மேல் அமலோற்பவம்,
இடுப்பில் மகள் ஜெயசீலி.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
டார்ச்சைக் கம்பியில் அடித்துக் காட்டினாள்.
"நீ வச்சதுதான? எந்த எடம் வீக்கு?"

எந்த இடமும் இல்லை.
அதைச் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

முதல் கம்பியிலேயே ஒரு பிளேடு உடைந்தது.
ஒன்றே முக்கால் மணி நேரம்
என் வேலையோடு நானே மல்லுக்கு நின்றேன்.
ஜெயசீலியின் நாலு விரல் வெளியே வந்து
போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.
அந்த இடைவெளியில் அது
தாராளமாக இருந்தது.

முதலில் குழந்தை.
அப்புறம் பாலிதீன் கவரில் ரேஷன் கார்டு.
அப்புறம் அவள்,
தோளில் ரத்தக் கோடு இழுத்துக்கொண்டு,
கையில் மூடியில்லாத குக்கர்.

தை பிறந்து கூப்பிட்டாள்.
சுவரில் எண்ணெய்க் கறை
என் நெஞ்சு உயரத்துக்கு.
"கீலு வையி. உள்ள பூட்டு.
சாவி எங்க மாட்டறதுன்னுதான் தெர்ல."

நான் வெளியே நின்று திருடனானேன்.
கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினேன்.
ஆணியைத் தள்ளி அடித்தாள்.
"அவன் உன்ன மாறி வெறுங்கையோடயா வருவான்?"
தென்னந்துடைப்பத்தில் குச்சி உருவி நீட்டினாள்.
குச்சியும் எட்டாத இடத்தில் அடித்தபோது
ஜெயசீலிக்கும் எட்டவில்லை.
கீழே இறக்கினாள்.
குச்சி எட்டியது.
சுவரில் ஏழு ஓட்டை.

எட்டாவதில்
குச்சி காற்றைக் கிளறியது,
குழந்தை குதிகாலைத் தூக்கித் தொட்டது.

நான் கிளம்பப் போனேன்.
"இரு" என்றாள் அமலோற்பவம்.
சன்னலைச் சாத்தி லைட்டை அணைத்தாள்.
"இப்போ எடு பாப்பா."

வெளியே நின்றிருந்தேன்.
உள்ளே, இருட்டில்,
சின்னக் கை சுவரைத் தடவும் சத்தம்.
ரொம்ப நேரம்
அது மட்டும்.